இருபத்தோராவது குரல்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு மக்களுக்கும், உடன்பிறந்த தங்கை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ராகலையில் வாத்தியாராக இருக்கும் என் கணவர் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். திருத்தும்போது ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "இது கட்டாயம் வேணுமா?" என்று கேட்டார். வேணும் என்றேன்.

அக்காவைத் தெய்வம் என்று எழுதச் சொல்லிப் பலர் சொல்லியனுப்பினீர்கள். தெய்வம் விளக்குமாற்றால் அடிக்குமா? அக்கா என்னை அடித்திருக்கிறார், அதுவும் என் சடங்கு நாளுக்கு முந்தின நாள். அதனால் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன்.

அக்காவைப் பற்றி மேல்கணக்கில் ஒரு பேச்சு உண்டு. எண்ணிக்கையில் தவறி ஓர் உயிரைக் கவனியாமல் விட்டவர் என்பது அந்தப் பேச்சு. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், பேயின் குரலை ஆளின் குரலாக எண்ணியவர் என்பார்கள். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பேச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகக்கூடாது. அது பொய். பொய் என்று அறிந்த ஒரே ஆள் நான்தான் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை என்று அக்கா போவதற்கு முந்தின நாள்தான் தெரிந்தது.

அக்கா பிறந்தது மேல்கணக்கின் மூன்றாம் லயத்தில், கடைசி அறையான கோடிக் காம்பராவில். அம்மா என்னைப் பெற்ற பதினாறாம் நாள் ஜன்னியில் போய்விட்டார். அப்போது அக்காவுக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய வருஷம் அப்பாவும் போனார். தோட்டமெல்லாம் சுதந்திரம் என்று மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த மாதங்களில் எங்களுக்கு இந்த நாட்டில் உரிமை இல்லை என்று சொன்னார்கள். அக்கா இரண்டையும் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டார். அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் விடியலில், அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை எடுத்து அடியில் சாக்கு வைத்துத் தைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றார். கணக்கப்பிள்ளை, "உனக்கு ஒடம்பு பத்தாதேம்மா" என்றாராம். "தொண்ட பத்துமுங்க ஐயா" என்றாராம் அக்கா. அவர் என்ன நினைத்து அப்படிச் சொன்னாரோ, அந்தத் தொண்டைதான் பிறகு அவர் வாழ்க்கையாகிவிட்டது.

வருஷம் திரும்புவதை எங்கள் லயத்துப் பெண்களுக்கு அறிவித்தவர் அக்காதான். மார்கழி பிறந்தால் அவர் வாசலில் கோலம் விழுந்த பிறகுதான் மற்ற வாசல்களில் விழும். கை விறைக்கும் குளிரில் குந்தி உட்கார்ந்து புள்ளி வைப்பார். உறைபனி மாவோடு கலந்து எது மாவு எது பனி என்று தெரியாமல் கிடக்கும். தையில் பொங்கல் பானை எந்தப் பக்கம் வழிந்தது என்று ஒவ்வொரு அடுப்பாகப் போய்ப் பார்ப்பார். மாசியில் ஆண்கள் காமன் கூத்து ஆடுவார்கள். ரதி வேஷம் கட்டுகிற ஆளுக்குச் சேலை கட்டிவிடுவது அக்காவின் வேலை. "மீசைய எடுக்காம என்னடா ரதி?" என்று அவர் கேட்காத வருஷம் இல்லை. சித்திரையில் கொழுந்து பொங்கி வழியும்போது ஒருவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. பிறகு ஆடி. தென்மேற்கு மழை, காற்று, மூட்டம். ஆடிப் பூசைக்கு ஏழாம் நம்பர் மலையடியில் மரத்தின் கீழ் மஞ்சள் பூசிய கல்லாக இருக்கும் கொழுந்துச்சாமிக்குப் பெண்கள் மட்டும் சேர்ந்து பொங்கி வைப்பார்கள். அந்த ஆடியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

இந்த மலரை வாசிக்கும் ராகலைப் பக்கத்து நண்பர்களுக்காக எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கொழுந்தில் கை வைக்குமுன் 'பொலி' சொல்வது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பெருகட்டும் என்று பொருள். எங்கள் மேல்கணக்கில் அதை ஒருவர் மேலே நின்று கூப்பிடுவார். நிரைக்கு ஒருத்தியாக நிற்கிற பெண்கள் வலக் கோடியிலிருந்து இடக் கோடிவரை ஒருவர் பின் ஒருவராகப் பதில் பொலி போடுவார்கள். மூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவளின் முக்காடுகூடத் தெரியாது, குரல்தான் ஆள். ஒரு குரல் குறைந்தால் யாரும் கொழுந்தைத் தொடக்கூடாது. இரண்டு பேர் கீழே இறங்கிப் போய், வராதவளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வேலை. எங்கள் ஏழாம் நம்பர் மலையின் இடப்பக்கம் பெரிய ஓடைப் பள்ளம் இருக்கிறது. அதனால் வந்த வழக்கம் அது.

இருபத்து மூன்று வயதிலேயே பொலி கூப்பிடும் இடம் அக்காவுக்குக் கிடைத்தது. அவருக்கு வயதில் மூத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் ஆடிக் காற்றைக் கிழித்துக்கொண்டு இடக் கோடிவரை போகிற தொண்டை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, வருகிற குரல்களுக்கு விரல்களை மடக்குவார். அவர் நீங்கலாக இருபத்தொரு பேர் நாங்கள். இருபதாவது நிரை என்னுடையது. பள்ளத்தை ஒட்டிய கடைசி நிரை சிவகாமியுடையது.

சிவகாமி எங்களுக்கு உறவில்லை. அடுத்த காம்பராவுக்கு வாழ வந்தவள். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். 'பொலி' என்பதன் கடைசியை ஒரு தூக்குத் தூக்கி இழுப்பாள். அவள் போட்டுக் காட்டுவதும் நான் அதேபோலப் போட்டுக் காட்டி அவளைச் சீண்டுவதும் எங்களுக்கு விளையாட்டு. அப்போது அவளுக்கு நான்கு மாதக் கைக்குழந்தை இருந்தது. வசந்தா.

அந்த ஆடி மாதத்து ஒரு காலை. பெரட்டு முடிந்து மலைக்கு நடக்கும்போது சிவகாமி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தங்கச்சி, புள்ள விடமாட்டேங்குது. பிள்ளைக்காம்பராவுல விட்டா தொண்ட கிழியக் கத்துது. ஒரு வாய் பால் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன். எனக்கும் சேத்து ஒரு பொலி போட்டுரு."

"கங்காணிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அரைப்பேருதான், பாதிக் கூலி போயிரும். நீ போட்டா எப்படித் தெரியும்? ஒனக்குத்தான் என் கொரலு வருமே!"

சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கங்காணியை ஏமாற்றுவதில் இருக்கிற ருசி அந்த வயதில் வேறெதிலும் இல்லை.

மலையில் மூட்டம் இடுப்பளவு இருந்து, நாங்கள் நிரை பிடிப்பதற்குள் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "பொலீ... பொலி!" வலக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. பத்தொன்பது. நான் என் குரலில் இருபதாவதைப் போட்டேன். பிறகு பள்ளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டையை ஒடுக்கி, கடைசியைத் தூக்கி இழுத்து இருபத்தோராவதையும் போட்டேன். முடிக்கும்போது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினேன். அடக்கியும் கடைசியில் 'க்கு' என்று ஒரு சின்னத் தட்டல் விழுந்துவிட்டது. அக்கா கொஞ்சம் தாமதித்தார். பிறகு, "சரி, எடுங்க" என்றார். நாங்கள் கொழுந்தில் கை வைத்தோம்.

சற்று நேரத்தில் பக்கத்து நிரையில் கூடை செடியில் உரசும் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "புள்ள தூங்கிருச்சா?" என்று மூட்டத்துக்குள் கேட்டேன். "ம்" என்று பதில் வந்தது. அதன்பின் நான் பேசிக்கொண்டே எடுத்தேன். கந்தப்பளையிலிருந்து அக்காவுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி, மாப்பிள்ளையின் கோணல் கிராப்பைப் பற்றி, எல்லாம் சொன்னேன். நடுநடுவே 'ம்' வந்தது. உரசல் எனக்கு முன்னே போவதும் பின்னே நிற்பதுமாக இருந்தது.

பத்து மணிக் கொழுந்து நிறுவைக்கு மடுவத்தில் கூடினோம். அக்காவுடையது நீங்கலாக இருபது கூடைதான் இருந்தது. கங்காணி அக்காவைப் பார்த்தார். "இருபத்தொண்ணு வந்துச்சுங்க" என்றார் அக்கா. மறுபடி மலைக்கு ஓடினோம். மூட்டம் அப்போது சற்று விலகியிருந்தது. சிவகாமியின் நிரையில் ஒரு கொழுந்துகூடக் கிள்ளப்படவில்லை. மழைத்துளி உதிராமல் அப்படியே செடிகள் நின்றன. அந்தச் செடிகளுக்குள் அன்று காலை யாரும் நடக்கவில்லை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவளைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். பால் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று ஓடையோரக் குறுக்கு வழியில் ஏறியிருக்கிறாள். மண் நழுவியிருக்கிறது. கூடை மேலே பன்னச் செடியில் மாட்டியிருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, "விழுந்தவொடனே போகல. கொஞ்ச நேரம் இருந்திருக்கு. காலையிலயே தெரிஞ்சிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதை மேல்கணக்கு முழுவதும் முடித்துக்கொண்டது. காலையிலேயே எப்படித் தெரியும்? இருபத்தொரு குரல் வந்தது என்று ஒருத்தி சொன்னாளே!

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்குச் சொல்லலாம், கருமாதி முடியட்டும், மாதம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அக்காவைப் பொலி கூப்பிடும் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கந்தப்பளைக்காரர்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். "செத்தவ கொரல எண்ணின பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம்" என்று அந்த மாப்பிள்ளையின் தாய் எங்கள் வாசலில் நின்று சொன்னதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அக்காவுக்கு அதன்பின் வேறு வரன் வரவில்லை. எனக்கு வந்தது. நான் கட்டிக்கொண்டு ராகலைக்குப் போனேன். அதுவும் அக்கா பார்த்து முடித்த கலியாணம்.

சிவகாமியின் கணவர் மூன்று மாதத்தில் வேறு தோட்டத்துக்குப் போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். குழந்தையை அக்கா எடுத்துக்கொண்டார். "இவகிட்டயா குடுக்கறீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அக்கா பிள்ளையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இனி நான் சொல்வதை நம்புகிறவர்கள் நம்பலாம். அந்த மலையில் நின்ற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த ஆடி வந்தது. அக்காவுக்குப் பதிலாகப் பொலி கூப்பிட்டவரின் தொண்டை காற்றில் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் கங்காணி அக்காவையே திரும்பவும் மேலே நிறுத்தினார். எனக்குக் கலியாணம் ஆவதற்கு முந்தின வருஷம் அது. கடைசி நிரைக்குப் போக யாருக்கும் துணிவில்லை. அது காலியாகக் கிடந்தது. முந்தின வருஷம் போலவே மூட்டம். அக்கா கூப்பிட்டார். பத்தொன்பது பேர் பதில் போட்டார்கள். இருபதாவதாக நான் போட்டேன். உதட்டை மூடினேன். மூடியதை உறுதியாகச் சொல்கிறேன், பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காலி நிரையிலிருந்து, மெல்லிய குரலில், கடைசியைத் தூக்கி இழுத்துப் பொலி வந்தது.

பெண்கள் எல்லாரும் "சிவகாமி, சிவகாமி" என்று அலறினார்கள். எனக்குத்தான் தெரியும், அது சிவகாமி இல்லை. முடிவில் 'க்கு' என்று சிரிப்பை அடக்கிய அந்தத் தட்டல் விழுந்தது. சிவகாமி போல நான் போட்ட குரல் அது. ஒரு வருஷம் அந்தப் பள்ளத்துக்குள் கிடந்துவிட்டு, எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, என் வாய் இல்லாமல் அதுவாகவே ஒலித்தது. இறந்தவள் வந்திருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். என் குரலே வந்தால் நான் என்ன செய்வேன்?

அக்கா மேலே கண்ணை மூடி நின்றிருந்தார். விரலை மடக்கினார். "சரி, எடுங்க" என்றார். அவர் குரலில் நடுக்கம் இல்லை. அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் அலறலை நிறுத்திக் கொழுந்தில் கை வைத்தார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆடியில் மூட்டம் இறங்கும் நாட்களில் இருபத்தோராவது குரல் வரும். முதல் இரண்டு வருஷம் பயந்தார்கள். பிறகு அது வராவிட்டால் பயப்படத் தொடங்கினார்கள். கடைசி நிரையை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் தானே இறங்கி அந்த நிரையை எடுப்பார். ஆடிப் பூசைக்கு அந்த நிரையின் முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கல்லின் முன் வைப்பார்கள். மார்கழியில் சிவகாமி இருந்த காம்பராவின் வாசலிலும் ஒரு சின்னக் கோலம் போடுவார். பொங்கலுக்கு ஓர் இலை கூடுதலாக விழும். ராகலையிலிருந்து நான் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அந்த இலைக்கு நேர் எதிரே என்னை உட்கார வைப்பார். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். என்ன புத்தி!

அக்காவின் துணிச்சலுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பொலி கூப்பிடும் இடம் திரும்பக் கிடைத்த இரண்டாம் மாதம், கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்த் துரையின் முன் நின்றார்.

"பால் குடுக்குற பொம்பளைங்களுக்குக் காலையில அரை மணி நேரம் குடுங்க தொரை. ஓடையோரம் கல்லுப் படி கட்டிக் குடுங்க. இல்லாட்டி நா பொலி கூப்பிட மாட்டேன். நா கூப்பிடாம எங்க ஆளுங்க கொழுந்துல கை வைக்க மாட்டாங்க."

கணக்கப்பிள்ளை இதை மொழிபெயர்க்கப் பயந்து பாதியை விழுங்கினாராம். மீதியை அக்கா கையால் காட்டியே சொல்லிவிட்டார். மூன்று நாள் ஏழாம் நம்பர் மலையில் கூடை அசையவில்லை. நான்காம் நாள் அரை மணி நேரமும் வந்தது, கல்லும் வந்தது. இன்றைக்கு அந்தப் படியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு நிதானமாக ஏறிப் போகிற பெண்கள் இந்த மலரை வாங்கியிருந்தால், அந்தப் படி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்.

போன வருஷம் ஆனியில் அக்காவுக்கு இருமல் கண்டது. ஆடியிலும் மலையேறினார். ஆவணியில் படுத்தார். புரட்டாசியில் தந்தி வந்து நான் ராகலையிலிருந்து ஓடினேன்.

அன்று பிற்பகல் நான்கு மணி இருக்கும். மூட்டம் லயத்து வாசல்வரை வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கூடையோடு நேரே அக்காவைப் பார்க்க வந்திருந்தார்கள். காம்பராவிலும் வாசலிலுமாக நிறைந்து நின்றார்கள். அக்கா நாள் முழுவதும் பேசவில்லை. திடீரென்று, கண்ணைத் திறக்காமலே, "பொலீ... பொலி!" என்றார். அந்த நெஞ்சில் அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ!

பிறகு வாசலில் நின்ற வலக் கோடிக்காரி பொலி போட்டார். அடுத்தவர் போட்டார். மலையில் நிற்கிற வரிசையிலேயே ஒவ்வொருவராக, அழுதுகொண்டே போட்டார்கள். போர்வைக்கு மேல் அக்காவின் விரல்கள் மடங்கின. பத்தொன்பது வந்ததும் நின்றது. என் இடத்தில் இப்போது நிரை பிடிப்பவள் அன்று வந்திருக்கவில்லை. எனக்கு விளங்கியது. இருபதாவதை நான் போட்டேன்.

ஒரு விரல் மடங்காமல் காத்திருந்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன். அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இன்னொண்ணு எங்க? அதையும் நீதான போடணும்."

"தெரியுமாக்கா?"

"ஒன்ன இடுப்புல வச்சு வளத்தவ நா. ஒன் கள்ளச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். வெளயாடுறா, சிவகாமி பக்கத்துலதான் நிக்கிறான்னு நெனச்சேன். அந்த மட்டுக்கும் தப்பு என் மேல."

"ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்தப் புள்ள ஒன்ன எப்படிச் சின்னம்மான்னு கூப்பிடும்?" மூச்சு வாங்கியது. "நா போனதும் நீயே சொல்லு. இப்பப் போடு."

நான் போட்டேன். தொண்டையை ஒடுக்கி, கடைசியைத் தூக்கி இழுத்து. சிரிப்பு மட்டும் வரவில்லை. வந்தது வேறு. அக்கா கடைசி விரலை மடக்கிக்கொண்டார். பின்னால் நின்ற பெண்கள் இது எங்கிருந்து வந்த குரல் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள், என்னிடமிருந்து வந்தது. மறுநாள் காலை பெரட்டு தப்பு அடிக்கும் நேரத்தில் அக்கா எங்களைப் பிரிந்தார்.

அக்கா சொல்லச் சொன்னதை உடனே சொல்லவில்லை. மறுபடியும் தள்ளிப்போட்டேன், சுபாவம் போகுமா? இந்த ஆடியில் ஏழாம் நம்பர் மலைக்குப் போய், கல் படியில் நின்று பார்த்தேன். மூட்டம் இறங்கியிருந்தது. இப்போது கூப்பிடுகிற பெண் கூப்பிட்டாள். இருபது குரல் வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடைசி நிரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா எண்ணி முடித்துவிட்டார், போகட்டும், எல்லாம் தீர்ந்தது, இனிச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பெண்கள் யாரும் கொழுந்தைத் தொடவில்லை. கூப்பிட்டவளும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் எதற்கோ நின்றார்கள். மூட்டத்துக்குள் அவர்கள் இருப்பது தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்தது. பிறகு எனக்குப் பின்னால், நான் நின்ற படிக்கு மேற்படியில், என் பிடரியில் மூச்சுப் படும் தூரத்தில், "சரி, சொல்லு" என்றது அக்காவின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. அன்றே ராகலைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அச்சுக்கு அட்டனுக்கு அனுப்புமுன் வசந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பது வயது முடிந்துவிட்டது. அக்கா போன பிறகு எங்களோடுதான் ராகலையில் இருக்கிறாள். மடியில் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாள். நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது கோபம். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"மலையில வர்ற கொரலு அம்மான்னு பெரியம்மா சொன்னாங்களே. ஆடி மாசம் நா வாசல்ல நின்னு கேப்பேன். அது நீங்கதானா, சின்னம்மா?"

"ஆமா."

"அப்ப எங்கம்மா ஒருநாளும் கூப்பிடலையா?"

அவள் எழுந்து போய் அரிசி புடைக்கத் தொடங்கினாள். இரண்டு நாளாக என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அக்காவின் நோயில் கஷாயம் வைத்துக் கொடுத்தவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், தப்படித்தவர்களுக்கும், கருமாதிக்கு அரிசியும் விறகும் தந்த லயத்தவர்களுக்கும், அன்று பிற்பகல் கூடையை இறக்காமல் நின்று பொலி போட்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. கந்தப்பளைக் குடும்பத்தாருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். எங்கள் அக்கா எண்ணியதில் பிழையில்லை. இருபத்தொரு குரல் வந்தது, இருபத்தொன்று என்று சொன்னார். இரண்டைப் போட்டவள் நான்.

வசந்தா, இது உனக்கு. உன் கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். உன் அம்மா மலையிலிருந்து ஒருநாளும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் வாயால் கடைசியாக என்னிடம் சொன்ன பேச்சு உன்னைப் பற்றித்தான். 'புள்ள விடமாட்டேங்குது' என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தன்னை இப்படிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறதென்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அதை அவள் குரலில் உனக்குச் சொல்லிக் காட்ட இன்று காலை சமையற்கட்டில் தனியாக நின்று எத்தனையோ முறை முயன்றேன். எனக்கு வரவில்லை, வசந்தா. அந்தக் குரல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.